ஏதென்ஸ் நகரின் எழுத்துக் கற்கள்

ஏதென்ஸ் மாநகருக்குச் செல்வோர் எவரும் முதலில் நாடுவது அக்ரோபோலிஸ் குன்றையே. நாமும் அவ்வாறே சென்றோம். பார்த்தெனான் ஆலயத்தின் தூண்களை அண்ணாந்து நோக்கினோம். வழுக்கும் சலவைக்கல் பாதையில் தடுமாறினோம். வெயில் தாளாமல் கீழே இறங்கினோம். அதனைப் பற்றி எழுதியோர் பலர். ஆதலின் அதை விடுத்து, அந்நகரில் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஓர் இடத்திற்கு வாசக அன்பர்களை அழைத்துச் செல்ல விழைகின்றோம்.

நகரின் நடுவே தேசியத் தொல்பொருட் காட்சிசாலை பெரியதொரு மாளிகையாக எழுந்து நிற்கிறது. அதன் முகப்பில் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அதே கட்டடத்தின் தென்புறத்தில், தோசித்சா தெருவை நோக்கியவாறு அடக்கமான வாயில் ஒன்று உண்டு. அதுவே கல்வெட்டுக் காட்சிசாலை. 1885-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஏறத்தாழ 14,000 கல்வெட்டுகளைத் தன்னகத்தே கொண்டது. நாம் சென்ற காலைப்பொழுதில் அங்கே நம்மையும் காவலரையும் தவிர வேறு எவரும் இல்லை. பொன் முகமூடிகளும் வெண்கலச் சிலைகளும் பக்கத்திலேயே இருக்க, எழுத்து நிறைந்த உடைந்த கற்களைப் பார்க்க யார் வருவார்?

நம்முடன் வந்த மூத்த நண்பர் வாழ்நாள் முழுவதும் அலுவலகக் கோப்புகளோடு காலந்தள்ளி ஓய்வு பெற்றவர். பார்த்தெனான் அவரை அவ்வளவாகக் கவரவில்லை. இந்தக் கற்களின் நடுவே நுழைந்ததும் அவர் முகத்தில் புதியதோர் ஒளி பரவியது. "தம்பி, இதெல்லாம் கோப்பு அல்லவா!" என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. இக்கற்களுள் மிகப் பல, பண்டைய ஏதென்ஸ் மக்கள் தங்கள் பேரவையில் கூடி நிறைவேற்றிய தீர்மானங்களே. அவற்றை அவர்கள் 'ப்ஸெபிஸ்மா' என்று வழங்கினர். 'ப்ஸெபோஸ்' என்றால் கூழாங்கல். வாக்களிக்கக் கூழாங்கல் இட்ட பழைய வழக்கம் அச்சொல்லில் தங்கிவிட்டது. பேரவையில் பெரும்பாலும் கை தூக்கியே வாக்களித்தார்கள் என்றாலும் பெயர் மாறவில்லை.

முதலில் நம் கண்ணில் பட்டது எழுத்துகளின் ஒழுங்கு. நமக்குக் கிரேக்கம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே தெரியும். எனினும் அந்த ஒழுங்கைக் கண்டு மகிழ மொழியறிவு வேண்டியதில்லை. சதுரங்கப் பலகையின் கட்டங்களில் காய்களை வைத்தாற்போல, ஓர் எழுத்தின் நேர் கீழே மற்றோர் எழுத்து நிற்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இல்லை, நிறுத்தக்குறி இல்லை. அணிவகுத்து நிற்கும் படைவீரரைப் போன்ற இவ்வமைப்பினால் பிற்கால அறிஞர்க்கு ஒரு நன்மை விளைந்தது. கல் உடைந்துபோன இடத்தில் எத்தனை எழுத்துகள் இருந்திருக்கும் என எண்ணிக் கணக்கிட்டு, விடுபட்ட சொல்லை ஊகிக்க முடிகிறது.

அங்குள்ள மிகப் பழைய மக்கள் தீர்மானம், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. சலாமிஸ் தீவில் குடியேறியோர் வரி செலுத்த வேண்டும், போர்ப்பணி ஆற்ற வேண்டும், 30 திராக்மா மதிப்புள்ள படைக்கலன்களைத் தாமே வைத்திருக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் அதில் உள்ளன. பல துண்டுகளாகச் சிதைந்த கல். அதன் முதற்சொற்களை மட்டும் அருகிலிருந்த விளக்கப் பலகையின் துணையோடு படித்தோம். 'மக்களுக்கு நலமெனத் தோன்றிற்று' என்பது அதன் பொருள். மன்னன் கட்டளையிட்டான் என்றோ தெய்வம் உரைத்தது என்றோ அது தொடங்கவில்லை. மக்களுக்குத் தோன்றிற்று, அவ்வளவே. பிற்காலத்துத் தீர்மானங்களில் 'மன்றத்திற்கும் மக்களுக்கும் நலமெனத் தோன்றிற்று' என இது விரிந்தது.

பின்னர் வரும் வாசகங்கள் நண்பரைப் பெரிதும் கவர்ந்தன. எந்தக் குலப்பிரிவு அப்போது முறை ஏற்று அலுவல் பார்த்தது, எழுத்தர் யார், தலைமை வகித்தவர் யார், முன்மொழிந்தவர் யார் என யாவும் பெயரோடு குறிக்கப்படுகின்றன. எவரேனும் திருத்தம் கூறியிருப்பின் அதனை மூலத்தோடு கலந்து மறைத்துவிடவில்லை. 'ஏனையவை மன்றம் கூறியவாறே. ஆனால்…' என்று தொடங்கி, திருத்தம் கூறியவர் பெயராலேயே தனியே செதுக்கினர். முடிவில், மன்றத்தின் எழுத்தர் இதனைக் கற்பலகையில் பொறித்து அக்ரோபோலிஸில் நிறுத்துக என்றும், அதற்காகும் செலவைப் பொருளாளர் கொடுக்க என்றும் கட்டளை இருக்கும்.

"செலவு எவ்வளவு என்று போட்டிருக்கிறதா?" என நண்பர் வினவினார். போட்டிருக்கிறது. நான்காம் நூற்றாண்டுத் தீர்மானங்கள் பலவற்றில் 20 திராக்மா, 30 திராக்மா எனத் தொகை காணப்படுகிறது. கைத்தொழில் வல்லவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி கிடைத்த ஊர் அது. அதற்குச் சற்று முந்திய காலத்துக் கூலியைக் கொண்டு பார்த்தாலும் ஒரு கல் வெட்ட ஏறத்தாழ ஒரு மாத ஊதியம். ஏன் இவ்வளவு செலவு? சில கற்களே அதற்கு விடை கூறுகின்றன: விரும்புவோர் எவரும் பார்க்கும் பொருட்டு. ஊரில் அத்தனை பேரும் படிக்கத் தெரிந்தவர்கள் அல்லர். ஆயினும் படிக்கத் தெரிந்த ஒருவன் எழுந்து வந்து, "இதோ பார், எழுதியிருப்பது வேறு, நீ செய்வது வேறு" என்று அதிகாரியிடம் சுட்டிக்காட்ட இடம் இருந்தது.

அன்று பிற்பகல், வெயில் சற்றுத் தணிந்தபின், இத்தீர்மானங்கள் பிறந்த இடத்தைக் காணச் சென்றோம். அக்ரோபோலிஸுக்கு மேற்கே தாழ்ந்த பாறைக்குன்று ஒன்று உள்ளது. பினிக்ஸ் என்பது அதன் பெயர். அங்கே தூண்கள் இல்லை, கூரை இல்லை, காய்ந்த புல்லும் சரிவான நிலமும், பாறையிலேயே குடைந்தெடுத்த மேடை ஒன்றுமே உள்ளன. மேடைக்குச் சில படிகள். அதன்மேல் ஏறி நிற்க அனுமதி இல்லை. எதிரே நின்று பார்த்தோம். இன்று காணும் இம்மேடை கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைந்தது. பெரிக்கிளிஸ் பேசிய காலத்தில் மக்கள் அமர்ந்த திசையே வேறாக இருந்தது என்பர். பழைய மேடையிலிருந்து கடல் தெரிந்ததாகவும், கடலே மக்களாட்சிக்குத் தாய் எனக் கருதிய கொடுங்கோலர் முப்பதின்மர் அதனை நிலத்தை நோக்கித் திருப்பிவிட்டதாகவும் புளூட்டார்க் எழுதியுள்ளார். இக்கதையை அறிஞர் பலர் நம்புவதில்லை. நமக்கோ அதனை விட்டுவிட மனமில்லை.

இங்கே ஏறத்தாழ ஆறாயிரம் பேர் அமர முடியும். நான்காம் நூற்றாண்டில் ஆண்டுக்கு நாற்பது முறை பேரவை கூடியது. விடியற்காலையில் மக்கள் வந்து சேருவர். சோம்பித் திரிவோரைச் செஞ்சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து இழுத்து வந்ததாக நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ் கேலி செய்கிறார். பன்றிக்குட்டி பலியிட்டு இடத்தைத் தூய்மை செய்து, மக்களை ஏமாற்றிப் பேசுவோனைச் சபித்து, பிறகே அலுவல் தொடங்கும். பேச விரும்புவோர் யார் என்று கட்டியங்காரன் உரக்கக் கேட்பான். செருப்புத் தைப்பவனும் எழுந்து பேசலாம்; நிலக்கிழானும் பேசலாம்.

ஆனால் எதைப் பற்றிப் பேசுவது என்பதை ஐந்நூற்றுவர் மன்றம் முன்கூட்டியே வகுத்திருக்கும். குலப்பிரிவுகள் பத்து, பிரிவுக்கு ஐம்பது பேர், முப்பது வயது கடந்தோர், குலுக்கல் முறையில் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அப்பதவி இல்லை. இந்த ஐம்பதின்மர் மாறி மாறி முறை ஏற்பர்; அவர்களுள் நாள்தோறும் ஒருவர் தலைவர். ஒரு பகலும் ஓர் இரவும் நகரின் முத்திரையும் கருவூலத் திறவுகோலும் அவரிடம் இருக்கும். மறுநாள் அவர் பழையபடி எண்ணெய் வியாபாரியோ உழவரோதான். "நம் ஊர் ஆசாமி ஒருவரிடம் ஒரு நாள் சாவியைக் கொடுத்துப் பார்க்கவேண்டும்" என்று நண்பர் முணுமுணுத்தார். அதற்கு நாம் விடை கூறவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது முறையன்று. 'மக்கள்' என்று அக்கற்கள் கூறும்போது அச்சொல்லில் பெண்கள் அடங்கார், அடிமைகள் அடங்கார், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த அயலூராரும் அடங்கார். இம்மேட்டில் எந்தத் தாயும் கை தூக்கியதில்லை. நாம் அச்சரிவில் அமர்ந்திருந்தபோது, கீழே கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தியவாறு ஓர் அன்னை புல்லிடையே நடந்து சென்றாள். அவள் யாரோ, எந்நாட்டினளோ.

அங்கே அமர்ந்து நாம் நினைவுகூர்ந்தது கி.மு. 427-ஆம் ஆண்டின் இரண்டு நாட்களை. துசிடிடிஸ் என்ற வரலாற்றாசிரியர் அதனை விரிவாக எழுதி வைத்துள்ளார். லெஸ்போஸ் தீவில் உள்ள மிட்டிலீன் நகரம் ஏதென்ஸோடு கூட்டுறவு கொண்டிருந்தது. முந்திய ஆண்டில் அது கிளர்ந்தெழுந்து, முற்றுகைக்கு ஆளாகி, இறுதியில் பணிந்தது. செய்தி ஏதென்ஸை எட்டியது. பேரவை கூடியது. சினம் கொழுந்துவிட்டு எரிந்தது. மிட்டிலீன் நகரின் ஆடவர் அனைவரையும், கிளர்ச்சி செய்தோர், செய்யாதோர் என்ற வேறுபாடின்றி, கொன்றுவிடுவது. பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்பது. இதுவே தீர்மானம். கைகள் உயர்ந்தன. தளபதி பாகிஸுக்கு இவ்வாணையைக் கொண்டுசெல்லும்படி ஒரு போர்க்கப்பல் உடனே புறப்பட்டது.

மறுநாள் விடிந்தபோது ஊரின் மனம் மாறியிருந்தது. குற்றவாளிகளை மட்டுமன்றி ஒரு நகரத்தையே அழிப்பது கொடிது என்ற எண்ணம் பரவியது. அங்கே வந்திருந்த மிட்டிலீன் தூதர்களும் அவர்களுக்கு நண்பரான ஏதென்ஸ் மக்களும் அதிகாரிகளை அணுக, பேரவை மீண்டும் கூட்டப்பட்டது. முந்திய நாள் தீர்மானத்தை முன்மொழிந்த கிளியோன் எழுந்து சினந்து பேசினான். இன்று ஒன்று, நாளை ஒன்று எனத் தீர்மானத்தை மாற்றும் மக்களாட்சி பிறரை ஆளத் தகுதியற்றது. இரக்கம் பேரரசுக்குப் பகை என்பதே அவன் வாதம். அவனுக்கு எதிராக எழுந்தவன் தியோதோத்துஸ். இவன் பெயர் வரலாற்றில் இந்த ஓர் இடத்தில் மட்டுமே வருகிறது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வியப்பு யாதெனில், அவன் இரக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. அவசரமும் சினமும் நல்லாலோசனைக்கு இரு பகைவர் என்றான். எல்லாரையும் கொன்றால் நாளைக்குக் கிளர்ச்சி செய்யும் ஊர் கடைசிவரை பணியாது, அதனால் நமக்கே நட்டம் என்றான். இரக்கத்தைக் கேட்க விரும்பாத கூட்டத்திடம் இலாபக் கணக்கைக் காட்டி உயிர்களைக் காக்க முயன்றானோ, அல்லது அவன் உள்ளமே அவ்வளவுதானோ, நாம் அறியோம். நாம் முதற்கருத்தையே நம்ப விரும்புகிறோம்.

கைகள் உயர்ந்தன. ஏறத்தாழ இருபுறமும் சமம். மயிரிழையில் தியோதோத்துஸ் பக்கம் வென்றது.

ஆனால் முதற்கப்பல் புறப்பட்டு ஒரு பகலும் ஓர் இரவும் கடந்துவிட்டன. மிட்டிலீன் அங்கிருந்து ஏறத்தாழ 340 கிலோமீட்டர். இரண்டாவது கப்பலை விரைந்து செலுத்தினர். தூதர்கள் கப்பலில் திராட்சை இரசமும் வாற்கோதுமை மாவும் ஏற்றி, முந்திச் சென்றால் பெரும் பரிசு தருவதாக வாக்களித்தனர். துடுப்பு வலிப்போர் கரையில் இறங்கவே இல்லை. இரசமும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த மாவைத் துடுப்பு வலித்தபடியே உண்டனர். முறை வைத்து உறங்கினர். நல்லூழாக எதிர்க்காற்று வீசவில்லை. முதற்கப்பலில் சென்றவர்களோ, தாங்கள் சுமந்து சென்ற ஆணை அருவருப்பானது என்பதால், விரைந்து செல்லவில்லை. அவ்வாறு இருந்தும் முதற்கப்பலே முதலில் சேர்ந்தது. பாகிஸ் ஆணையைப் படித்துவிட்டு நிறைவேற்றத் தொடங்கும் தறுவாயில் இரண்டாவது கப்பல் துறைமுகத்தில் நுழைந்தது.

குழந்தைகளுக்கு இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். துசிடிடிஸ் நிறுத்தவில்லை. கிளர்ச்சிக்குக் காரணமானோர் என ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டவர்களைக் கிளியோனின் பரிந்துரைப்படி கொன்றனர். அவர்கள் ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்டோர் என ஏடுகள் கூறுகின்றன. படியெடுத்தோர் பிழையால் தொகை மிகுந்துவிட்டதோ என ஐயுறும் அறிஞரும் உளர். பதினொரு ஆண்டுகள் கழித்து, கி.மு. 416-இல், மீலோஸ் என்ற சிறு தீவு ஏதென்ஸிடம் பணிய மறுத்தது. அத்தீவு வீழ்ந்தபின் அங்கே ஆடவரைக் கொன்று, பெண்டிர் பிள்ளைகளை அடிமைகளாக்கினர். அம்முறை இரண்டாவது கப்பல் புறப்படவில்லை.

இரவு விடுதியில் நண்பர் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். தீர்மானத்தைக் கல்லில் வெட்டிவிட்டால் மாற்ற முடியாதல்லவா என்றார். அதற்கும் ஒரு கதை உண்டு. பெலொப்பொனேசியப் போர் தொடங்குவதற்குச் சற்று முன்னர், மெகாரா நகர மக்கள் ஏதென்ஸ் பேரரசின் துறைமுகங்களிலும் சந்தையிலும் நுழையலாகாது எனத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. அதனை நீக்கினால் போர் வராது என்று ஸ்பார்த்தாவின் தூதர்கள் சொன்னார்கள். தீர்மானப் பலகையை அகற்றக் கூடாதென்று சட்டம் இருப்பதாகப் பெரிக்கிளிஸ் விடை கூறினார். உடனே தூதருள் ஒருவரான பொலியால்கிஸ், அப்படியாயின் பலகையை அகற்ற வேண்டாம், சுவர்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள், அதைத் தடுக்கச் சட்டம் இல்லையே என்றாராம். புளூட்டார்க் இதனைச் சொல்லி, நகைச்சுவை நன்றாக இருந்தும் பெரிக்கிளிஸ் அசையவில்லை என முடிக்கிறார். கி.மு. 431-இல் போர் மூண்டது. இருபத்தேழு ஆண்டுகள் நீடித்தது.

அப்போரின் இறுதியில் நேர்ந்த ஒன்றே இம்மக்களாட்சியின் மாறாத வடு. கி.மு. 406-இல் அர்கினூசே தீவுகளின் அருகே ஏதென்ஸ் கடற்படை வென்றது. ஆனால் புயலால், மூழ்கிய கப்பல்களில் தத்தளித்த சொந்த மாலுமிகளை மீட்க இயலவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் கொதித்தது. வென்ற தளபதியரைத் தனித்தனியே விசாரியாமல் ஒரே வாக்கில் தீர்த்துவிட வேண்டும் என்ற முன்மொழிவைக் கல்லிக்செனுஸ் என்பவன் கொண்டுவந்தான். இது சட்டத்திற்கு மாறு எனச் சிலர் தடுத்தனர். மக்கள் விரும்பியதைச் செய்ய விடாமல் தடுப்பது என்ன அநியாயம் என்று கூட்டம் கூச்சலிட்டது. அன்று முறை ஏற்றிருந்த ஐம்பதின்மருள் ஏனையோர் அஞ்சிப் பணிந்தனர். ஒருவர் மட்டும் சட்டத்திற்கு மாறான எதற்கும் தாம் உடன்படமாட்டேன் என்று நின்றார். அவர் பெயர் சாக்ரடீஸ். அவர் ஒருவரால் என்ன செய்ய முடியும்? வாக்கெடுப்பு நடந்தது. ஊரில் இருந்த அறுவர் கொல்லப்பட்டனர். சின்னாட்களில் மக்கள் வருந்தினர். தங்களை ஏமாற்றியவர்கள் மீது வழக்குத் தொடுத்தனர். தப்பியோடிய கல்லிக்செனுஸ் பின்னர் ஊர் திரும்பியும், அனைவரும் வெறுக்க, பட்டினியால் இறந்தான் என செனபோன் எழுதுகிறார்.

போர் முடிந்து, முப்பதின்மர் கொடுங்கோல் ஆட்சியும் ஒழிந்து, கி.மு. 403-இல் மக்களாட்சி மீண்டபோது ஏதென்ஸ் மக்கள் ஒரு பாடம் கற்றிருந்தனர். நிலையான சட்டம் வேறு, பேரவையில் அவ்வப்போது எழும் தீர்மானம் வேறு என வகுத்து, எந்தத் தீர்மானமும் சட்டத்தை மீறலாகாது என விதித்தனர். சட்டத்திற்கு மாறான தீர்மானத்தை முன்மொழிந்தவன் மீது எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம் என்ற பழைய ஏற்பாடும் வலுப்பெற்றது. வாக்களித்தோர் ஆயிரம் பேராயினும் பொறுப்பு முன்மொழிந்தவன் ஒருவனுடையதே! கல்லில் அவன் பெயரைப் பொறித்ததன் பயன் இப்போது புரிகிறதல்லவா? அரிஸ்டோபோன் என்ற அரசியல்வாதி தன்மீது இத்தகைய வழக்குகள் எழுபத்தைந்து தொடுக்கப்பட்டும் ஒன்றிலும் தோற்கவில்லை எனப் பெருமையடித்துக் கொண்டாராம்.

மறுநாள் பழைய சந்தைவெளியான அகோராவுக்குச் சென்றோம். அங்கே பத்துக் குலப்பிரிவுகளின் வீரர்களுக்கு எழுப்பிய நீண்ட பீடத்தின் அடிப்பகுதி எஞ்சியுள்ளது. புதிய சட்ட முன்வரைவுகளை வெள்ளையடித்த மரப்பலகைகளில் எழுதி அதில் தொங்கவிடுவர். வீட்டுக்குக் காய்கறி வாங்க வருபவன் நின்று படித்துவிட்டுப் போவான். அருகிலேயே மெத்ரூவோன் என்ற ஆவணச்சாலையின் அடித்தளம். தீர்மானங்களின் தாள் படிகள் அங்கே காக்கப்பட்டன. தாள் யாவும் மண்ணோடு மண்ணாயின, கல் நின்றது.

எதிரே 1953 முதல் 1956 வரை மறுபடியும் எழுப்பப்பட்ட அத்தாலுஸ் மண்டபம் இப்போது காட்சிசாலையாக விளங்குகிறது. அதில் நெடுநேரம் நாம் நின்றது ஒரே ஒரு கல்லின் முன்னர். 1952-இல் அகோராவில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஆளுயரத்திற்குச் சற்றுக் குறைவு. மேற்பகுதியில் புடைப்புச் சிற்பம்: தாடியுடைய முதியவர் ஒருவர் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார், அவர்தாம் 'மக்கள்'. பின்னால் நிற்கும் பெண் அவர் தலையில் முடி சூட்டுகிறாள், அவள் 'மக்களாட்சி'. பேரவையில் இடம்பெறாத பெண்ணினத்தையே மக்களாட்சிக்கு உருவமாகச் செதுக்கிய முரணைக் கண்டு நாம் புன்முறுவல் பூத்தோம். கீழே உள்ள சட்டம் கி.மு. 336-ஐச் சார்ந்தது, முன்மொழிந்தவர் யூக்ரதிஸ். மக்களாட்சியைக் கவிழ்த்துக் கொடுங்கோன்மையை நிறுவ முயல்வோனைக் கொன்றவன் குற்றமற்றவன். மக்களாட்சி கவிழ்ந்த காலத்தில் அரெயோபாகு மன்றத்தார் எவரும் மன்றம் ஏறலாகாது. ஏறினால் உரிமை இழப்பர். இரு கற்களில் பொறித்து ஒன்றை அம்மன்றத்தின் வாயிலிலும் மற்றொன்றைப் பேரவையிலும் நிறுத்துக. செலவு 20 திராக்மா.

எழுத்துகள் நேற்று வெட்டியவை போல் கூர்மையாக உள்ளன. ஆனால் இரண்டாண்டுகளுக்கு முன்பே கெய்ரோனேயாவில் மக்கெதோனிய வேந்தன் பிலிப்பிடம் ஏதென்ஸ் தோற்றுவிட்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, கி.மு. 322-இல், மக்கெதோனியத் தளபதி அந்திபாதர் அம்மக்களாட்சியை முடித்து வைத்தான். 2,000 திராக்மா சொத்து இல்லாதவர்க்கு வாக்கு இல்லை என்றான். அப்போது இந்தக் கல் யாரைத் தடுத்தது?

அவ்வாயிலில் நின்ற கல்லை நினைத்தவாறே அரெயோபாகுப் பாறைமேல் ஏறினோம். பழைய படிகள் தேய்ந்து வழுக்குவதால் பக்கத்தில் இரும்புப்படி அமைத்துள்ளனர். அடிவாரத்தில், புனித சின்னப்பர் ஏதென்ஸ் மக்களுக்கு ஆற்றிய உரை வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் வாசகர் பலரும் அறிந்த அந்த நிகழ்ச்சியை இங்கே மீண்டும் விவரிக்கவில்லை. அவ்வுரை கேட்டு மனந்திரும்பியோருள் அம்மன்றத்தின் உறுப்பினரான தியோனீசியுவோடு தாமரி என்னும் பெண்மணியும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

பாறையின் உச்சியில் நமக்குத் தோன்றிய வேறொன்றைச் சொல்லவேண்டும். ஏதென்ஸ் மக்கள் தங்கள் பேரவையை 'எக்லேசியா' என்றே அழைத்தனர். திருச்சபைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயரும் அதுவே. எபேசு நகரில் கலகம் மூண்டபோது கூடிய ஊர்க்கூட்டத்தையும் அப்போஸ்தலர் பணி நூல் இதே சொல்லால் குறிக்கிறது. ஊர் எழுத்தர் ஒருவர் கூட்டத்தை அமைதிப்படுத்தி, வழக்கு இருந்தால் முறையான பேரவையில் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார். அது மட்டுமா? யூதரல்லாத விசுவாசிகள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்று யெருசலேமில் அப்போஸ்தலர்களும் மூப்பர்களும் கூடி ஆராய்ந்து, அந்தியோக்கியாவுக்கு மடல் விடுத்தார்களே, அம்மடலில் தங்கள் முடிவைக் கூற அவர்கள் கையாண்ட வினைச்சொல் 'எதொக்சென்'. நலமெனத் தோன்றிற்று. சலாமிஸ் கல்லின் தொடக்கத்தில் நாம் எழுத்துக்கூட்டிப் படித்த அதே சொல். மக்களுக்கு என்று கல் சொன்ன இடத்தில் மடல் முதலில் பரிசுத்த ஆவியைச் சொல்கிறது. ஆயினும் 'நமக்கும்' என்பதை அது விட்டுவிடவில்லை. கிரேக்க நகரங்களில் சந்தைக்குப் போய்வந்த எவரும் கல்லில் கண்டு பழகிய சொல்லாதலின், மடலைக் கேட்டோர் காதுக்கு அது அயலாக ஒலித்திராது.

புறப்படும் நாளன்று விமானத்திற்கு நேரம் இருந்தது. நண்பர் வற்புறுத்தவே கல்வெட்டுக் காட்சிசாலைக்கு மீண்டும் ஒருமுறை சென்றோம். கி.மு. 377-இல் ஏதென்ஸ் தன் புதிய கூட்டணிக்கு ஊர்களை அழைத்த கல்லை அவர் பார்க்க விரும்பினார். சேரும் ஊர்கள் தன்னுரிமையோடு இருக்கும், காவற்படை வைக்கமாட்டோம், கப்பம் வாங்கமாட்டோம் என அதில் வாக்களித்திருக்கிறார்கள். கப்பம் என்ற பெயரில் வாங்கவில்லைதான். பின்னாளில் 'பங்கு' என்ற பெயரில் வாங்கினார்கள். கல்லின் நடுவே சில வரிகளை யாரோ வேண்டுமென்றே செதுக்கி அழித்திருக்கிறார்கள். நண்பர் அவ்விடத்தைக் குனிந்து நெடுநேரம் நோக்கினார்.

நாம் தேடியது வேறொரு கல்லை. த்ரோய்சேன் என்ற சிற்றூரில் கிடைத்தது. 1959-இல் ஜேம்சன் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டறிந்து மறு ஆண்டு வெளியிட்டார். கி.மு. 480-இல் பாரசீகப் படை நெருங்கியபோது தெமிஸ்டோகிளிஸ் முன்மொழிந்த தீர்மானம் எனத் தன்னை அறிவித்துக்கொள்ளும் கல் அது. நகரைத் தெய்வத்தின் கையில் ஒப்படைத்து, பிள்ளைகளையும் பெண்களையும் த்ரோய்சேனுக்கு அனுப்புக. முதியோரையும் உடைமைகளையும் சலாமிஸுக்கு அனுப்புக. ஏனைய ஆடவர் இருநூறு கப்பல்களில் ஏறுக. எழுத்தின் வடிவமோ இரண்டு நூற்றாண்டு பிந்தியது. ஆகவே உண்மைத் தீர்மானத்தின் படியா, பிற்காலத்தார் புனைந்ததா என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர்.

வீட்டைப் பூட்டிவிட்டுக் கடல் கடந்து வந்த அந்த அன்னையரையும் பிள்ளைகளையும் த்ரோய்சேன் மக்கள் எவ்வாறு ஏற்றனர் என்பதைப் புளூட்டார்க் கூறுகிறார். அவர்களும் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். முன்மொழிந்தவர் பெயர் நிக்காகோரஸ். வந்தவர்களுக்குப் பொதுச்செலவில் நாள்தோறும் இரண்டு ஓபோல் கொடுப்பது; பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர்களுக்குக் கூலி தருவது; அப்பிள்ளைகள் ஊரில் எவர் தோட்டத்திலும் பழம் பறித்துத் தின்னலாம்.

"அந்தக் கல் எங்கே?" என்று நண்பர் கேட்டார். அது கிடைக்கவில்லை என்றோம். வாடகை வண்டி வாயிலில் வந்து நின்றது.